மோலிகளுக்கு ஒத்துக்கொண்ட தண்ணீர்

ரெஜினாள் வாங்கி வந்த மோலி மீன்கள் தொட்டியை விட்டு வெளியே வந்து வெள்ளிமுந்தலின் காற்றில் நீந்தத் தொடங்கிய அன்று ஊரில் யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, ஏனென்றால் ஆடி மாதத்து நடுப்பகலில் அந்த ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், இரண்டுக்கும் நடுவே வெயிலில் வெந்து வெந்து கனத்துப்போன காற்று. முகத்தைத் துடைத்த கைக்குட்டை காய்ந்ததும் அப்பளம்போல விறைத்துக்கொள்ளும், உதட்டை நக்கினால் கரிக்கும், பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எப்படிய்யா நடமாடுறீங்க?" என்று கேட்பார்கள். நடமாட முடிகிற காற்றில் நீந்தவும் முடியும்தானே என்பதுதான் அன்றைக்கு அதைப் பார்த்தவர்களின் முதல் எண்ணம்.

தண்ணீரும் அப்படித்தான். எந்தக் கிணற்றில் இறைத்தாலும், எத்தனை ஆழத்துக்குக் குழாய் இறக்கினாலும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, புதிதாக மாட்டிய குழாய் அடுத்த வருஷமே வெள்ளை பூத்துக் கிழடு தட்டிவிடும். காவேரித் தண்ணீர் வருகிறது என்று சொல்லி ஊருக்குள் குழாய் பதித்துப்போனார்கள், அது நினைத்தபோது இருமிக்கொண்டே வந்து கொஞ்சம் காறித் துப்பிவிட்டு நின்றுவிடும். குடிக்கவும் காப்பி போடவும் கேன் தண்ணீர். இந்தத் தண்ணீருக்குப் பயந்தே அந்த ஊருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. வெள்ளிமுந்தல் பெண்கள் வெளியூருக்குக் கல்யாணமாகிப் போய், அங்கே தலைக்குக் குளித்த முதல் நாளே தங்களுக்கு இத்தனை முடி இருந்ததா என்று ஆச்சரியப்பட்டு, பிறகு கோயில் திருவிழாவுக்கு மட்டும் வந்துபோனார்கள். ஆண்கள் ஊரிலேயே இருந்து முதிர்ந்தார்கள்.

அப்படி முதிர்ந்துகொண்டிருந்தவன்தான் ரெஜினாளின் தம்பி கில்பர்ட். விசைப்படகு இஞ்சின் பார்ப்பதில் கெட்டிக்காரன், நின்றுபோன இஞ்சினின் மேல் காதை வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான், ஆனால் பெண் பார்க்கப் போன இடங்களில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே வைத்த பலகாரத் தட்டு கொஞ்சம் பின்னால் நகர்வதை அவன் பார்த்திருக்கிறான். அம்மா இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் ரெஜினாள்தான். அவளுடைய கணவர் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர். அவளோ வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்திக்கொண்டு, உப்புத் தண்ணீரில் வைக்கோலாகிப்போன ஊர்ப் பெண்களின் தலைகளைக் கேன் தண்ணீரால் சமாதானப்படுத்திக்கொண்டு, தம்பிக்கு ஒரு நல்லது நடந்துவிட வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆனியில்தான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. தாமிரபரணிக் கரை ஊர். பெண் பெயர் பெனிட்டா, தபால் ஆபீசில் வேலை. மாற்றல் கேட்டால் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்றார்கள். தரகர் பேச்சுவாக்கில், "ஊருக்குள்ள காவேரித் தண்ணி வந்தாச்சு, குழாயைத் திறந்தா தேன்" என்று சொல்லிவைத்துவிட்டார். ரெஜினாள் அதை மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்காமல், பின்முற்றத்தில் இருந்த உப்புக் கிணற்றின் மேல் தகரத்தைப் போட்டு மூடி, அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்து, பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சின்னத் தோட்டம் மாதிரித் தெரியும்படி செய்துவிட்டாள். ஐப்பசியில் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மீன்தொட்டியும் அதற்காகத்தான். உயிருள்ள மீன் துள்ளி விளையாடுகிற வீட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்பது அவள் கணக்கு. ராமநாதபுரத்தில் மீன் கடைக்காரர் கறுப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாக மோலிகளை உறையில் பிடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இது கழிமுகத்து மீனும்மா. கொஞ்சம் உப்பு இருக்கணும், தண்ணி கடினமா இருக்கணும், வெதுவெதுன்னு இருக்கணும். எதையும் சட்டுன்னு மாத்தாதீங்க. கேன் தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க."

ரெஜினாள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கேன் தண்ணீரைத்தான் ஊற்றினாள். வீட்டுக்கு வந்த உயிருக்கு உப்புத் தண்ணீரைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. விருந்தாளிக்கு எதைக் கொடுப்பாளோ அதைத்தான் மீனுக்கும் கொடுத்தாள்.

மோலிகள் துள்ளவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், குளிரில் நடுங்குகிறவர்களைப்போல உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தன. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டன. ரெஜினாள் இரையை மாற்றிப் போட்டாள், வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு சொட்டு விட்டாள், தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னும் விலை கூடின கேன் வாங்கி ஊற்றினாள். ஆட்டம் நிற்கவில்லை.

அன்று அவள் பக்கத்து வீட்டு ஜமீலா பீவிக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். பல்லில் ஒரு நுனியும் விரல்களில் மறு நுனியுமாக நூல். தொட்டியின் மூடி திறந்திருந்தது. கறுப்பு மோலி மேலே வந்தது, வாயை வெளியே நீட்டிக் காற்றைச் சுவைப்பதுபோல நாலைந்து முறை வாயைத் திறந்து மூடியது, பிறகு படி ஏறுகிற மாதிரி நிதானமாக வெளியே ஏறி வந்தது. அதன் உடம்பின் ஆட்டம் நின்றது. ஒடுங்கியிருந்த துடுப்புகள் விசிறியாக விரிந்தன. கண்ணாடியின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜமீலாவின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"ரெஜினா, என் மூஞ்சிக்கு முன்னாடி ஒரு மீன் நிக்கிது."

"தெரியுது. அசையாதீங்க, நூல் தோலைப் பிடிச்சிரும்."

"கடிக்குமா?"

"பாசிதான் திங்கும்ங்க."

"அப்ப சரி" என்றாள் ஜமீலா, ஒரு புருவம் திருத்தியும் ஒரு புருவம் திருத்தாமலும். பின்னாலேயே வெள்ளை வந்தது, ஆரஞ்சு வந்தது, எல்லாமும் வந்தன. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியே வரிசையாகத் தெருவுக்கு நீந்திப் போயின. ரெஜினாள் நூலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். வெயிலில் அவை மின்னிக்கொண்டிருந்தன. தெருவில் போன மீன்கார அந்தோணியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏத்தா, ஒன் மீனா? நல்ல கொழுத்த மீனு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முதல் வாரம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. மின்விசிறிகளை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினால் புழுக்கம், ஓட்டினால் மீனுக்கு ஆபத்து, அதனால் எல்லா வீட்டிலும் விசிறிகள் ஒன்றாம் எண்ணில் சோம்பலாகச் சுற்றப் பழகின. பூனைகள் முதலில் சுவருக்குச் சுவர் தாவின. மோலிகள் பூனைக்கு எட்டுகிற உயரத்துக்கு ஒரு சாண் மேலேயே நீந்தக் கற்றுக்கொண்டன, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்துப்போய் பூனைகள் பழையபடி மீன் ஏலக்கூடத்துக்கே திரும்பின. கடலுக்குப் போகிறவர்கள் கூட்டம் போட்டு, இதைப் பிடிக்கலாமா கூடாதா என்று பேசினார்கள். வலை போடுவது கடலில், ரோட்டில் போகிறதெல்லாம் நம் பாடு இல்லை என்று பெரியவர்கள் சொல்ல, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்தார், ஆனால் மெழுகுவர்த்திகளின் வெதுவெதுப்புக்கு மோலிகள் பீடத்தைச் சுற்றிக் கூடிவிட்டதால் சபையில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் பேச்சைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்க்கத் தொடங்கினார். பள்ளிவாசல் மோதினார் ஒலிபெருக்கிக்குள் ஒன்றும் புகுந்துவிடாமல் ஒரு துணியைக் கட்டிவிட்டார். பஸ் கண்டக்டர் ஊர் வளைவைத் தாண்டுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "உள்ள மீன் இருந்தா இறக்கிவிட்டுருங்க, அங்கிட்டுக் காத்து சரியில்ல" என்று கூவப் பழகினார்.

ஏனென்றால் எந்தக் காற்று சரி, எது சரியில்லை என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஐஸ் ஃபேக்டரி முதலாளி வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருந்தார். ஒரு வெள்ளை மோலி ஜன்னல் வழியே அந்த அறைக்குள் போய், போன வேகத்தில் மெத்தையில் விழுந்து பழைய ஆட்டத்தை ஆடத் தொடங்கிவிட்டது. அவர் பதறிப்போய் ஏசியை நிறுத்தி, எல்லா ஜன்னலையும் திறந்து, உப்பளத்துக் காற்று உள்ளே வரும்வரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது துடுப்பை விரித்து எழுந்து போனபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அதற்குப் பிறகு அந்த ஏசியை அவர் போடவே இல்லை. வேர்வையில் குளித்துக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினார்.

மோலிகள் குட்டி போட்டன. முட்டையில்லை, குட்டிதான், கண்ணிமை முடி அளவு உயிர்கள். ஜமீலா பீவி தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்துக்குள் ஒரு ஆரஞ்சு மோலி புகுந்து குட்டி போட்டுவிட்டுப் போனது, அவள் அன்று முழுக்கத் தலையைத் திருப்பாமல் நேராக வைத்துக்கொண்டே சமைத்தாள். பெரிய மோலிகள் குட்டிகளைத் தின்றுவிடும் என்று தெரிந்ததும் பெண்கள் கொசுவலைகளைக் கட்டி, குட்டிகளை அதற்குள் விட்டு வளர்த்தார்கள். கொசுவலைகள் சும்மாதான் கிடந்தன, மோலிகள் வந்த பிறகு ஊரில் கொசு என்ற பேச்சே இல்லை. தண்ணீர்த் தொட்டிகளில் படிந்த பாசியை அவை தின்று பளிச்சென்று ஆக்கின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மீனைப் பார்ப்பதற்காகவே மட்டம் போடாமல் வந்தார்கள். ஆவணி போய்ப் புரட்டாசி முடிவதற்குள், மீன் இல்லாத தெருவில் மனிதர்கள் எப்படித்தான் நடந்து போனார்களோ என்று வெள்ளிமுந்தல்காரர்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

கில்பர்ட்டும் மாறியிருந்தான். அவன் இஞ்சின் பிரிக்கிற கொட்டகையில் கதகதப்பு அதிகம் என்பதால் அங்கே எப்போதும் ஒரு கூட்டம் நீந்திக்கொண்டிருக்கும். அதுகளிடம் பேசிக்கொண்டே வேலை செய்தான். சாப்பிட வரும்போது சட்டைப் பையில் ஒன்றிரண்டு இருக்கும். "அக்கா, அவுக வர்றப்ப இதுக எல்லாம் வீட்ல இருக்கட்டும். ஊரு அழகா இருக்குன்னு நெனைப்பாக" என்றான். அவன் வாயிலிருந்து ஊர் அழகாக இருக்கிறது என்ற வார்த்தையை ரெஜினாள் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள்.

ஐப்பசியில் பெண் வீட்டார் வந்தார்கள். பெனிட்டாவின் அப்பா மிக்கேல்ராஜ், வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, நடுவகிட்டில் படிய வாரிய தலை. அம்மா லூர்தம்மாள், கையில் ஒரு கூடை மாதுளம்பழம். பெனிட்டா அவர்களுக்குப் பின்னால், மாம்பழ நிறப் பட்டுச் சேலையில், இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலோடு வாசற்படி ஏறினாள். வந்தவர்கள் மீன்களைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள். "இது என்ன, பறக்குதா?" என்றார் மிக்கேல்ராஜ். "நீந்துதுங்க மாமா" என்று கில்பர்ட் பதில் சொன்னான். அவர் "அப்படியா" என்று உட்கார்ந்துகொண்டார். பெனிட்டா மட்டும் உட்காராமல் கையை நீட்டினாள். ஒரு கறுப்பு மோலி அவள் வளையலுக்குள் புகுந்து வந்தது. அவள் சிரித்ததை கில்பர்ட் பார்த்தான், அவன் பார்த்ததை ரெஜினாள் பார்த்தாள்.

கேன் தண்ணீரில் போட்ட காப்பியை லூர்தம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள். ரெஜினாள் மனசுக்குள் அந்தோணியாருக்கு ஒரு பொருத்தனை செய்தாள்.

அப்போதுதான் வானம் இருண்டது. ஒரு இடி இடித்தது. அந்த வருஷத்தின் முதல் மழை, குளிர்ந்த, பெரிய பெரிய துளிகளாக, ஊரின் கூரைகள் மேல் இறங்கியது.

மழை இனிப்பானது. வெள்ளிமுந்தலுக்கு வானம் கொடுக்கிற ஒரே நல்ல தண்ணீர் அது. எல்லா வருஷமும் முதல் மழைக்கு ஊரே தெருவில் இறங்கி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இந்த வருஷம் வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காற்றிலிருந்த உப்பை மழை கழுவிக்கொண்டு போனது, சூட்டைக் கழுவிக்கொண்டு போனது, கனத்துக் கிடந்த காற்று வெளியூர்க் காற்றைப்போல மெலிந்து லேசானது, அந்த லேசான காற்றில் மோலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கி, நாவல்பழம் உதிர்வதைப்போலத் தெருவில் உதிர்ந்தன.

"யம்மா, மீனெல்லாம் விழுது!" என்று யாரோ கத்தினார்கள். கில்பர்ட் புதுச் சட்டையோடு மழைக்குள் ஓடினான். ஜமீலா பீவி முக்காட்டை விரித்துப் பிடித்தாள். குடம், வாளி, அண்டா, குக்கர், கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஊர் ஓடியது. பெனிட்டா பட்டுச் சேலையின் முந்தானையை ஏந்திக்கொண்டு முற்றத்தில் இறங்கியபோது லூர்தம்மாள், "ஏட்டி, சேலை!" என்று கூப்பிட்டது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்டும் அவள் நிற்கவில்லை.

ரெஜினாள் அழகு நிலையத்தில் கால் கழுவிவிடுகிற டப்புகளை எல்லாம் வரிசையாக வைத்து, இருந்த கேன்களைக் கவிழ்த்தாள். முந்தானையிலும் முக்காட்டிலும் வந்த மோலிகள் அதில் விழுந்தன. விழுந்தவை இன்னும் மோசமாக ஆடின. ஜமீலா ஓடிப்போய், காவேரிக் குழாயில் என்றைக்கோ பிடித்துவைத்த குடத்தைத் தூக்கி வந்தாள், அதிலும் ஆட்டம் நிற்கவில்லை. கில்பர்ட் கடலிலிருந்து ஒரு வாளி மொண்டு வந்தான். அதில் விட்ட ஒன்று உடம்பை முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய, அவசரமாக எடுத்துவிட்டார்கள்.

"இத்தனை மாசம் நல்லாத்தானே இருந்துச்சு, எந்தத் தண்ணில இருந்துச்சு?" என்று பெனிட்டா கேட்டாள். நனைந்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"தண்ணில எங்க இருந்துச்சு? காத்துலதான்."

"காத்துல என்னக்கா இருந்துச்சு?"

"உப்பு" என்றாள் ரெஜினாள். "சூடு. வேற என்ன இருக்கு எங்க ஊர்ல?"

"கடலளவு உப்பு ஆகல. கேன் தண்ணியும் ஆகல. நடுவுல ஒண்ணு வேணும். அப்படி ஒரு தண்ணி இந்த ஊர்ல எங்கயாச்சும் இருக்கா?"

ரெஜினாள் பின்முற்றத்தைப் பார்த்தாள். மழையில் குரோட்டன்ஸ் இலைகள் பளபளத்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் லூர்தம்மாள் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். டப்பில் கறுப்பு மோலி, முதல்நாள் படி ஏறுகிற மாதிரி வெளியே வந்த அதே கறுப்பு மோலி, வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பெண் பார்க்கப் போன வீடுகளிலிருந்து தம்பி திரும்பி வந்த நாட்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பான். கிணற்று மூடியைத் திறந்தால் அது இன்னொருமுறை நடக்கும். திறக்காவிட்டால் டப்பில் கிடப்பவை செத்துப்போகும். அவள் தம்பியின் முகத்தைத் தேடினாள். அவன் கையில் கிடந்த ஒரு வெள்ளை மோலியின் மேல் குனிந்து மூச்சுக்காற்றை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

ரெஜினாள் மழைக்குள் இறங்கினாள். முதல் குரோட்டன்ஸ் தொட்டியைக் காலால் தள்ளினாள். அது உருண்டு உடைந்தது. மற்றதையும் தள்ளினாள். தகரத்தை இழுத்துப் போட்டாள். கிணறு திறந்தது.

"இங்க வாங்க எல்லாரும்" என்று கத்தினாள். "இந்தத் தண்ணிதான். இதை இறைங்க."

பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் எதையும் யோசிக்க நேரமில்லை. கில்பர்ட் இறைத்தான், ஜமீலா சுமந்தாள், தலைக்கு எண்ணெய்க் குளியலுக்காக வைத்திருந்த மின்சார அடுப்பில் ரெஜினாள் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினாள், கை பொறுக்கிற சூடுதானா என்று முழங்கையை விட்டுப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னது இப்போது அவள் காதில் கேட்டது: எதையும் சட்டென்று மாற்றாதே. டப்பிலிருந்த கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு வெளியே ஊற்றினாள், ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை உள்ளே விட்டாள். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. அடுத்த டப்பில் பெனிட்டா அதையே செய்தாள். ஊரெல்லாம் சேதி பரவி, மூடிக் கிடந்த கிணறுகள் எல்லாம் திறக்கப்பட்டன, வெட்கப்பட்டு ஒளித்துவைத்த தண்ணீரை எல்லோரும் வாளி வாளியாகத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள்.

கறுப்பு மோலி புரண்டது. நேராக நின்றது. ஆடிக்கொண்டே நின்றது, பிறகு ஆடாமல் நின்றது. அதன் முதுகுத் துடுப்பு, சுருட்டிய குடையை யாரோ விரித்ததுபோல, மெதுவாக விரிந்தது.

ஜமீலா பீவி உட்கார்ந்து அழுதாள். கில்பர்ட் சிரித்தான்.

மிக்கேல்ராஜ் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தூவென்று துப்பினார். "இது என்ன தண்ணி?"

"எங்க தண்ணிங்க" என்றாள் ரெஜினாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து நின்றாள். "குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் இதுதான். காவேரித் தண்ணின்னு சொன்னது பொய். தரகர் சொன்னாரு, நான் பேசாம இருந்துட்டேன். கிணத்த மூடினதும் நான்தான். தம்பிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியும்" என்றான் கில்பர்ட். "தொட்டியெல்லாம் தூக்கி வச்சது நான்தானே."

லூர்தம்மாள் எழுந்தாள். "எம் பிள்ளை முடியப் பாத்தீகளா? இந்தத் தண்ணில குளிச்சா ஒரு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது."

"கொட்டும்தான்" என்றாள் ரெஜினாள். "கொட்டாதுன்னு இனிமே பொய் சொல்ல மாட்டேன். என்னால ஆனதைப் பாப்பேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பெனிட்டா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டே பேசினாள். "அம்மா, என்னை எத்தனை பேரு வந்து பாத்துட்டுப் போயிருப்பாங்க. ஒருத்தராவது அவங்க வீட்டுக் குறையைச் சொன்னாங்களா? ஒரு வீட்ல மாப்பிள்ளைக்கு வேலையே இல்ல, கடைசி வரைக்கும் மூச்சு விடல. இவங்க நம்ம முன்னாடியே கிணத்தத் திறந்துட்டாங்க. அதுவும் ஒரு மீனுக்காக."

"முடி?"

"முடி என்னோடதும்மா. நான் பாத்துக்குறேன்."

மிக்கேல்ராஜ் துண்டால் தலையைத் துவட்டினார். "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றார். அந்த வார்த்தையை ரெஜினாள் இதற்கு முன்னால் நிறையக் கேட்டிருக்கிறாள். அதனால் தலையை ஆட்டிவிட்டு, நனைந்தவர்களுக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்தாள்.

கிளம்புகிற நேரத்தில் லூர்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள், "அந்தக் கறுப்புல ஒரு ஜோடி குடுங்க. வீட்ல வச்சுப் பாக்கலாம்."

"தர்றேன். ஆனா உங்க தண்ணி இதுக்கு ஆகாதுங்களே" என்றாள் ரெஜினாள்.

"என்னது? தாமிரபரணித் தண்ணி ஆகாதா?" லூர்தம்மாளுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. "ஊரு உலகமே அந்தத் தண்ணிக்கு ஏங்குது!"

"எங்களுக்கும் ஏக்கம்தான். மீனுக்கு இல்ல."

அதனால் மிக்கேல்ராஜ் பஸ் நிறுத்தம் வரைக்கும், தான் துப்பிய அதே தண்ணீர் நிறைந்த ஒரு கேனைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார். பெனிட்டா மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது கில்பர்ட், "சூடு குறையாமப் பாத்துக்கங்க" என்று கத்தினான். அதைச் சொல்லவா ஓடி வந்தாய் என்று ரெஜினாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சம்மதம் என்று சொல்லி ஆள் வந்தது கார்த்திகை பிறந்த பிறகுதான். அதற்குள் ரெஜினாள் இளைத்துப்போயிருந்தாள். கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. மழைக்காலம் முழுவதும் மோலிகள் ஊரிலுள்ள தொட்டிகளிலும் டப்புகளிலும் கிணற்றுத் தண்ணீரில் கொழுத்து வளர்ந்தன. காற்று மறுபடி கனத்ததும் மூடிகளைத் திறந்துவைத்தார்கள். சில வெளியே வந்தன, சில வரவில்லை. வந்தவற்றுக்காக விசிறியைக் குறைத்தார்கள், வராதவற்றுக்காகத் தண்ணீர் இறைத்தார்கள், எது ஏன் வந்தது எது ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெனிட்டா வெள்ளிமுந்தல் தபால் ஆபீசுக்கு மாற்றல் வாங்கி வந்தாள். அவளுக்கு முடி கொட்டியது. கொட்டியது போக மிச்சத்தை ரெஜினாளே தோள்வரை வெட்டிவிட்டாள், அது அவளுக்கு நன்றாகவே இருந்தது, அதைப் பார்த்து ஊரில் இன்னும் நாலைந்து பேர் வெட்டிக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் அழகு நிலையத்தில் கூட்டம். குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் இருந்தது. ஜமீலா பீவி பேத்தி நிச்சயத்துக்காக முகத்தில் மாவு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் சிலர் வரிசையில் இருந்தார்கள். பெனிட்டா ஒரு கூடைச் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரெஜினாளின் செல்போன் அடித்தது. லூர்தம்மாள்.

"மதினி, நல்லாருக்கீகளா?" என்று ஆரம்பித்து, வெயில், மாங்காய், மிக்கேல்ராஜின் முழங்கால் வலி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். குரல் தயங்கித் தயங்கி ஒலித்தது. ஏதோ கேட்கப்போகிறாள் என்று ரெஜினாளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. மோலி ரெண்டும் குட்டி போட்டு வீடு பூரா ஆயிருச்சு. நீங்க குடுத்த தண்ணி தீந்துபோச்சு. நானும் இங்க உள்ள தண்ணில கல்லுப்பு போட்டுப் பாத்தேன், சுண்ணாம்புக்கல்லு போட்டுப் பாத்தேன், ஓரளவுக்கு நிக்கிது, ஆனா அந்தப் பளபளப்பு இல்ல. அவரு தினமும் தொட்டி முன்னாடி உக்காந்து, 'இதுக முகமே சரியில்லையே'ன்னு பொலம்புறாரு. அதான்…"

ரெஜினாள் போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியை அமுக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி நடுவில் நீட்டினாள். சீப்புகளைக் கழுவுவது நின்றது. ஜமீலா மாவு காய்ந்த முகத்தோடு கண்ணை மட்டும் திறந்தாள்.

"சரியா கேக்கல மதினி. இங்க ஒரே சத்தம். இன்னொருக்க சொல்லுங்க."

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

"உங்க ஊருத் தண்ணிதான் மதினி" என்றாள் லூர்தம்மாள், இந்தமுறை தெளிவாக, சத்தமாக. "கொஞ்சம் குடுத்துவிடுவீகளா?"